மூக்குக்கண்ணாடிக் கடையா, மேடையா?

எங்கள் வீட்டில் யாரும் உரத்துக் கத்துவதில்லை. கத்தவேண்டிய அளவுக்கு ஒரு விடயம் முற்றிவிட்டால், அதற்கு ஒரு தலைப்பு வைத்து, இரண்டு அணியாகப் பிரிந்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வரவேற்பறையில் பட்டிமன்றம் நடத்துவோம். ஜேர்மனியின் எசன் நகரத்தில், மூன்றாம் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இப்படியொரு வழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. என் தந்தையார் வார நாள்களில் நகரப் பேருந்து ஓட்டுபவர். வார இறுதிகளில் எங்கள் ஊர்த் தமிழர் விழாக்களின் நிரந்தர நடுவர்.

அவருடைய தீர்ப்புகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சென்ற ஆண்டு வரை அவர் முன்னிலையில் எந்த அணியும் தோற்றதில்லை. இல்லறம் இனிப்பது பொருளாலா அன்பாலா என்று கேட்டால், இரு பக்கத்தையும் நெடுநேரம் புகழ்ந்து, இரண்டாலும் என்பார். பிள்ளைகளைக் கெடுப்பது கைபேசியா பெற்றோரா என்றாலும் இரண்டும்தான். மண்டபம் கைதட்டும், பேச்சாளர்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவுவார்கள், அனைவரும் மனநிறைவோடு சோற்றுப் பந்திக்குச் செல்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். கோடை விடுமுறைக்கு மலையா கடலா என்று நாங்கள் மோதிய ஆண்டில், மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஏரிக்கரையில் போய் நின்றோம்.

நான் பேச்சுப் போட்டிகளிலேயே வளர்ந்தவள். தமிழ்ப் பள்ளியின் மேடையில் ஏறியபோது ஒலிவாங்கி எனக்கு எட்டவில்லை. இறங்கும்போது கிண்ணம் கையில் இருந்தது. அன்று தொடங்கிய பழக்கம், இன்று சட்டம் படிக்கும் முதலாண்டு வரைக்கும் தொடர்கிறது. மேடைப்பேச்சின் ஒழுங்குகளில் இரண்டினை நான் உயிராகப் போற்றுகிறேன். ஒன்று, எதிரணியின் வாதத்தை எதிரணியைவிட அழகாக எடுத்துரைத்துவிட்டு, அதன் பிறகே அதை உடைக்கவேண்டும். குடிசையை இடித்தவனை யாரும் வீரன் என்பதில்லை; ஆகவே முதலில் நாமே ஒரு கோட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, மணி. முதல் மணி எச்சரிக்கை. இரண்டாம் மணி முடிவு. இரண்டாம் மணி ஒலித்தபின் நாக்கில் நிற்கும் பாதிச் சொல்லையும் விழுங்கிவிட்டு, வணக்கம் கூறி அமர்ந்துவிட வேண்டும். நான் ஒருபோதும் அந்த மணியை மீறியதில்லை. வென்ற கிண்ணங்களைவிட எனக்கு இதில் பெருமை அதிகம்.

என் அக்கா வயதில் எனக்கு மூத்தவள். மேடைப்பேச்சில் எனக்கு மிக மிக இளையவள். சிறு வயதில் ஒரு போட்டியில், அவைக்கு வணக்கம் என்றதோடு அவளுக்குப் பேச்சு முழுவதும் மறந்துபோயிற்று. அவள் அழவில்லை. நினைவில் நின்ற சொற்களைக் கோத்து, அங்கேயே ஒரு மெட்டுக் கட்டிப் பாடிவிட்டு இறங்கிவிட்டாள். பேச்சுப் போட்டியில் பாட்டுக்கு என்ன புள்ளி இடுவது என்று அறியாத நடுவர்கள் ஆறுதல் பரிசாக ஒரு பேனா கொடுத்தார்கள். அந்தப் பேனாவால் அவள் பாட்டு எழுதத் தொடங்கினாள். ஜேர்மன் மொழியில் எழுதினாள், ஆங்கிலத்தில் எழுதினாள், எங்களுக்குப் புரியாத கலவையிலும் எழுதினாள். பள்ளி முடித்து இரண்டு ஆண்டுகள் ஒரு வெதுப்பகத்தில் காலையில் பாணும் கேக்கும் விற்றாள். மாலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கீபோர்ட் வாசித்தாள்.

சென்ற ஆண்டு வசந்தத்தில் ஒரே வாரத்தில் அவளுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, வங்கியில் அவுஸ்பில்டுங். சம்பளம் பெற்றுக்கொண்டே மூன்று ஆண்டு தொழில் பழகும் அந்த இடத்துக்கு அப்பாதான் அவளை நச்சரித்து விண்ணப்பிக்க வைத்திருந்தார். மற்றொன்று, தெற்கே ஒரு நகரத்தில் பாட்டெழுதுவதைப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரியில் அனுமதி. அதற்கு அவள் ஒருவருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தாள். இரண்டுக்கும் அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். சட்டப்படி அவள் வளர்ந்தவள். எவருடைய ஒப்புதலும் அவளுக்குத் தேவையில்லை. ஆயினும், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, தான் மட்டும் பெட்டியோடு ரயில் ஏறிப்போக அவளுக்கு மனம் வரவில்லை.

இந்த வழக்கில் சாட்சியாக வந்தவர்தான் ஒரு பிரித்தானியப் பாடகி. தம் பாடல்களைத் தாமே எழுதிப் பாடுகிறவர். எங்களை அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலோ அவரைத் தெரியாத சுவரில்லை. அக்காவின் அறையில் மூன்று சுவர்களில் அவர் படம். நான்காவது சுவரில் சன்னல். அம்மா அவரை 'உன்ரை வெள்ளைக்காரப் பெட்டை' என்று குறிப்பிடுவார். அம்மாவின் அகராதியில் அது பாசச் சொல்.

சாப்பாட்டு மேசையில் அக்கா கல்லூரிச் செய்தியை வெளியிட்டபோது, அப்பா கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"உன்ரை பாட்டுக்காரியே முதல் கண்ணாடிக் கடையிலை நிண்டவதானே. நீ முதல் வங்கிக்குப் போ. பாட்டைப் பேந்து பாக்கலாம்."

"அவ அந்தக் கடையை விட்டிட்டு வந்தவ, அப்பா. விட்டபடியால்தான் உங்களுக்கும் அவவைத் தெரியுது."

"பேந்து அதே கடைக்குத் திரும்பிப் போனவவும்தானே. எனக்கும் றேடியோ கேக்கும், பிள்ளை."

இருவரும் கூறியது உண்மை. அதுவே சிக்கல். அந்தப் பாடகி பிறந்த ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார், விலகினார், புகழ் பெற்றார், வீழ்ந்தார், அதே கடைக்குத் திரும்பினார், மீண்டும் எழுந்தார். ஒரே வாழ்க்கையை இரண்டு பேரும் இரண்டு முனையில் பிடித்து இழுத்தார்கள். குரல்கள் சற்றே உயர்ந்தன. உடனே அப்பா நடுவர் தோரணைக்கு மாறி, தலைப்பை அறிவித்தார்: அந்தப் பாடகியை நிலைநிறுத்தியது மூக்குக்கண்ணாடிக் கடையா, மேடையா? ஞாயிற்றுக்கிழமை. மேடைக்கு அக்கா. கடைக்கு நான். மேடை வென்றால் கல்லூரி, கடை வென்றால் வங்கி.

என் சொந்தக் கருத்து என்ன என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கப்படுவேன் என எதிர்பார்க்கவில்லை. தரப்பட்ட அணியில் நின்று வாதாடுவதே எங்கள் கலை. ஆனால் அக்கா மேசையை விட்டு எழுவதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"இரண்டும் வேணும் எண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது, அப்பா. ஒண்டைச் சொல்லோணும்."

சமையற்காரரைப் பார்த்து உப்பில்லாமல் சமைத்துத் தாருங்கள் என்று கேட்டதைப் போல அப்பா திகைத்தார். பிறகு, சரி என்று தலையாட்டினார். தண்ணீர் நிறையக் குடித்தார்.

சனிக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் உள்ள தமிழ்க் கடைக்கு முருங்கைக்காயும் அரிசிமாவும் வாங்க அனுப்பினார். அந்த டிராம் பயணத்தில்தான் நான் என் வாதத்துக்குரிய சான்றுகளைத் திரட்டினேன். அந்தப் பாடகியைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் அக்காவைவிட அறிந்தவர் யாருமில்லை. ஆகவே எதிரணித் தலைவியிடமே போய் ஆதாரம் கேட்க வேண்டியதாயிற்று. அவளும் மறுக்கவில்லை. காதொலிப்பானின் ஒரு பக்கத்தை என் காதில் செருகிவிட்டு, பாட்டுப் பாட்டாக அந்த வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய அந்தக் கதைசொல்லலை மேடையில் மட்டும் அவளால் செய்ய முடிந்திருந்தால், நான் பேசாமல் இருந்திருப்பேன்.

அந்தப் பாடகி இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். தந்தை மீன் ஏற்றும் வான் வண்டி ஓட்டுபவர். பதின்ம வயது முடிவதற்குள் மகள் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வேலைக்குப் போகும் இரட்டைத்தட்டுப் பேருந்தின் மேல்தட்டில் முன்னிருக்கையில் அமர்ந்து பாட்டு எழுதுவார். வியாழக்கிழமைகளில் மதுச்சாலையில் பாடுவார். கீபோர்டை ஏற்றிச்செல்ல வேறு வாகனமில்லை. அப்பாவின் மீன் வானில் பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே அது பயணம் செய்யும். பாட்டு நடக்கும் இடத்தின் பின்வாசலில் அவர் இறங்கும்போது, ஊர்ப் பூனைகள் முதல் இரசிகர்களாக வரிசையில் நிற்குமாம்.

முதலில் அவருடைய பாட்டுத்தான் புகழ் பெற்றது, அவர் பெறவில்லை. அவர் எழுதிய ஒன்றை வேறொரு பெரிய பாடகி பாட, அது நாடெங்கும் ஒலித்தது. இறுவட்டின் அட்டையில் எழுதியவர் பெயர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத அளவில் இருந்தது. வாசிக்கக் கண்ணாடி இருந்த இடத்தில்தானே அவரும் நின்றார்! அப்போதுதான் கடையை விட்டார். அடுத்து வந்தது அவருடைய சொந்தத் தொகுப்பு. அதில் ஒரு பாடல் ஐரோப்பாவின் எல்லா அங்காடிகளிலும் ஒலித்தது. எங்கள் தெருமுனை அங்காடியில் தக்காளி தெரிவு செய்துகொண்டே அம்மா அதை முணுமுணுத்ததை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அது யார் பாட்டு என்று கேட்டபோது, அங்காடியின் பாட்டு என்று அம்மா பதில் சொன்னார்.

இரண்டாம் தொகுப்பை நிறுவனத்தார் அவசரப்படுத்தினார்கள். அவருக்குப் பொருந்தாத உடையையும் பொருந்தாத தாளத்தையும் அணிவித்தார்கள். அது மூழ்கியது. நிறுவனம் அவரை விடுவித்துவிட்டது. அவர் ஊர் திரும்பினார்; பழைய கடை பழைய இருக்கையைக் கொடுத்தது. ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே இருந்தார். புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும் வாடிக்கையாளர்களுக்கு, உலகம் தெளிந்ததும் முதலில் தெரிந்தது தொலைக்காட்சியில் பார்த்த முகம். சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிப் பார்த்தார்களாம். ஆளில்லாத பிற்பகல்களில் அவர் மூன்றாம் தொகுப்பை எழுதினார். ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் நண்பர்களோடு அதை ஒலிப்பதிவு செய்தார். விளம்பரம் இல்லாமல், ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு அது பரவியது. இன்று அவர் ஜேர்மனிக்கு வந்தால் மண்டபங்கள் நிறைகின்றன. பெரிய விளையாட்டரங்குகள் அல்ல. ஆனால் வந்தவர்கள் அனைவருக்கும் எல்லா வரிகளும் மனப்பாடம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வழக்கு உன்னுடையதல்ல, என்னுடையது என்று நான் அவளிடம் கூறினேன். கடை இல்லாவிட்டால் மூன்றாம் தொகுப்பு எங்கே? அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"எடி, ஒண்டு சொல்லுறன். நீ விட்டுத்தரக் கூடாது."

"நான் ஏன் விட்டுத்தாறன்?"

"பாவம் பாத்து விட்டாயெண்டா அப்பா கண்டுபிடிச்சிடுவார். பேந்து அந்தத் தீர்ப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை. நான் அங்கை போய் இருந்துகொண்டு, தங்கச்சி தந்த இடம் எண்டு நினைக்க ஏலாது. விளங்குதே?"

விளங்கியது. அவள் போகவேண்டும் என்று நான் விரும்பினேன். அவளை வெல்லாமல் விடுவதற்கும் எனக்கு வழியில்லை. திரும்பும் வழியில் முருங்கைக்காய்க் கட்டு எங்கள் இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது. அடுத்த தரிப்பிடத்தில் ஏறிய ஒரு சிறுமி அது என்ன வாத்தியம் என்று தன் தாயிடம் கேட்டாள். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது ஒலிக்கும் என்று அக்கா ஜேர்மன் மொழியில் பதிலளித்தாள்.

ஞாயிறு வந்தது. நடுவர் சால்வை அணிந்து சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். பேச்சாளர் நிற்கவேண்டிய இடம் தொலைக்காட்சிக்கு முன்னால் உள்ள கம்பளம். நேரக் கண்காணிப்பு எப்போதும் அம்மாவின் பொறுப்பு. சுவாமி அறைக் கைமணியை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றுகொள்வார். மின்னடுப்பின் கடிகாரத்தில் பேச்சுக்குரிய நேரத்தைப் பதிந்துவிட்டால், அது பின்னோக்கி எண்ணும். அதைப் பார்த்து அவர் மணி அடிப்பார். இத்தனை ஆண்டுகளில் எந்தப் பட்டிமன்றத்திலும் அம்மா பேசியதில்லை. எந்த அணி என்று கேட்டால், நான் மணி என்பார்.

முதலில் அக்கா. எழுதி வைத்திருந்த செந்தமிழ் முன்னுரை இரண்டாவது வசனத்திலேயே அவளைக் கைவிட்டது. அவள் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பட்டிமன்றத்தை மறந்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினாள். மீன் வானைச் சொன்னாள். பூனைகளைச் சொன்னாள். ஒரு நாள் பாட்டின் நடுவே கீபோர்டின் கட்டைகளுக்கிடையிலிருந்து ஓர் இறால் வால் துள்ளி விழுந்ததைச் சொன்னாள். நடுவர்கள் சிரிக்கக் கூடாது என்பது மரபு. பேருந்து ஓட்டுநர் சிரித்துவிட்டார். பின்னர் அவள், மூழ்கிப்போன இரண்டாம் தொகுப்பிலிருந்து ஒரு பாடலின் மெட்டை, வார்த்தையில்லாமல், மெதுவாகப் பாடினாள்.

"இது ஆரும் வாங்காத பாட்டு, அப்பா. எனக்கு இதுதான் விருப்பம். அவ்வளவுதான்."

அமர்ந்துவிட்டாள். முதல் மணிகூட அடிக்கவில்லை. தரப்பட்ட நேரத்தை நிரப்பாமல் அமர்வது எங்கள் பயிற்சியில் பெருங்குற்றம். மின்னடுப்பின் கடிகாரத்தில் மிச்சமிருந்த நேரத்தைப் பார்த்தேன். இவ்வளவையும் வீணாக விட்டுவிட்டாளே!

நான் எழுந்தேன். விட்டுத்தருவதில்லை என்ற வாக்கு இருந்தது. ஆகவே விதிப்படி, முதலில் எதிரணியின் கோட்டையைக் கட்டினேன். அவள் கட்டத் தெரியாமல் விட்டுப்போன கோட்டையை, கல்லுக்குக் கல் அடுக்கி, கொத்தளம் வைத்து, கொடியும் ஏற்றினேன். நடுவர் அவர்களே என்று விளித்து, நான் உரைத்தது ஏறத்தாழ இது: "அந்தக் கடையில் அவர் இரு முறை இருந்தார். கடை மாறவில்லை; இருக்கை மாறவில்லை; கண்ணாடிச் சட்டங்கள்கூட மாறியிரா. முதல் முறை அதே இருக்கையில் இருந்து பிறர் பாடுவதற்கு எழுதினார். இரண்டாம் முறை தமக்கென்று எழுதினார். இருக்கை ஒன்றே என்றால், மாறியது யார்? இருந்தவர். அவரை மாற்றியது எது? மேடை. ஏறிய மேடை மட்டுமன்று, அவரை இறக்கிவிட்ட மேடையும்தான். தோற்காத ஒருவரிடம் அந்தப் பாடல்கள் இருந்திருக்க மாட்டா. கடை அவருக்குக் கூரை தந்திருக்கலாம். கூரையின் கீழ் இருந்து சொல்வதற்கு ஒரு சொல்லைத் தந்தது மேடையே."

முதல் மணி ஒலித்தது. அதற்குள்ளா என்று வியந்தேன். எதிரணிக்காகப் பேசும் இன்பத்தில் நேரத்தை மறந்துவிட்டேன் என எண்ணிக்கொண்டேன். பாதகமில்லை, இடிப்பதற்கு எனக்குச் சில வசனங்களே போதும். மூச்செடுத்தேன். கையை உயர்த்தினேன்.

"ஆனால்," என்றேன்.

இரண்டாம் மணி ஒலித்தது.

உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது. என் பார்வை அம்மாவின் தோளுக்குப் பின்னால் சென்றது. மின்னடுப்பின் கடிகாரம் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. முடிவதற்கு அது வெகுதூரம் இருந்தது. கோட்டையை இடித்து, கல்லை அள்ளி, நிலத்தைப் பெருக்கிவிடவும் போதுமான நேரம். அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் தொங்கும் நாள்காட்டியை மிகுந்த ஈடுபாட்டோடு படித்துக்கொண்டிருந்தார்.

ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப எனக்கு உரிமை இருந்தது. அதற்குரிய வாசகமும் எனக்கு மனப்பாடம். எதிரே அக்கா, அடுத்து விழப்போகும் அடிக்குத் தயாராகத் தோள்களைக் குறுக்கிக்கொண்டு இருந்தாள். விட்டுத்தர மாட்டேன் என்று அவளுக்கு வாக்களித்திருந்தேன். மணியை மீற மாட்டேன் என்பதோ அதற்கும் மூத்த வாக்கு. இரண்டாம் மணிக்குப் பிறகு பேசியவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

"நன்றி, வணக்கம்" என்று கூறி அமர்ந்தேன்.

அக்கா என்னை முறைத்த முறைப்பை இன்றும் மறக்கவில்லை.

அப்பா எழுந்தார். தொண்டையைச் செருமினார். இரு அணியையும் பாராட்டும் பழைய முன்னுரை தொடங்கியது. ஆனால் ஓரிடத்தில் அது தடுக்கி நின்றது. இரண்டாவது பேச்சாளர் முதலாவது அணியை இவ்வளவு சிறப்பாக நிறுவிவிட்டதால், அவருடைய சொந்த அணிக்கு என்ன மிஞ்சியது என்று தமக்குப் புலப்படவில்லை என்றார். கேட்டவற்றை வைத்தே தீர்ப்பு. கேட்காதவற்றை வைத்து நடுவர் தீர்ப்பளிக்க முடியாது. இதைக் கூறிவிட்டு, மரபுக்கு மாறாக, அக்காவை நோக்கி ஒரு வினா தொடுத்தார்.

"அந்த மனிசன், அவவின்ரை தகப்பன். இப்பவும் வான் ஓடுறாரோ?"

"ஓம் அப்பா. இப்ப அவவுக்குப் பெரிய பஸ் இருக்கு, ஆக்கள் இருக்கினம். எண்டாலும் கீபோர்டை மட்டும் தான்தான் கொண்டுவருவன் எண்டு நிக்கிறாராம். பஸ்ஸுக்குப் பின்னாலை வானிலை வாறவராம்."

அப்பா சிறிது நேரம் சால்வையின் கரையை நீவிக்கொண்டிருந்தார். பேருந்துக்குப் பின்னால் வரும் வானைப் பக்கக் கண்ணாடியில் பார்க்கிற ஓட்டுநராகத் தம்மை நினைத்தாரா, அந்த வானை ஓட்டுகிறவராக நினைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து, தம் வாழ்நாளின் மிகச் சிறிய தீர்ப்பை வழங்கினார்.

"மேடை."

அக்கா முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். பழக்கம் யாரை விட்டது? அப்பா இன்னும் அமரவில்லை. ஒரு விரலை உயர்த்தி, "எண்டாலும்," என்று தொடங்கினார்.

மணி ஒலித்தது.

நடுவருக்கு மணி கிடையாது. தமிழ் மேடை தோன்றிய காலந்தொட்டு நடுவருக்கு மணி அடித்த கண்காணிப்பாளர் எவரும் இருந்ததாக நான் அறியேன். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா இப்போது நாள்காட்டியைப் பார்க்கவில்லை. நேரே அப்பாவைப் பார்த்தார். கைமணி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. நடுவர் சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.

அக்கா என்னை நடைவழியில் மடக்கினாள்.

"நீ விட்டுத்தந்தனியோ?"

"இல்லை. மணி அடிச்சது."

"நீ 'ஆனால்' எண்டனி. அதுக்குப் பிறகு என்ன வைச்சிருந்தனி?"

"நிறைய வைச்சிருந்தன்."

அவள் நெடுநேரம் என் முகத்தை ஆராய்ந்தாள். பொய் இல்லை என்று கண்டதும் என் காதைப் பிடித்து முறுக்கிவிட்டு, கல்லூரிக்குப் பதில் எழுத ஓடினாள்.

நான் சமையலறைக்குள் போனேன். அம்மா தேநீர் வடித்துக்கொண்டிருந்தார். மின்னடுப்பின் கடிகாரம் அணைக்கப்பட்டிருந்தது. நேரக் கண்காணிப்பில் ஏற்பட்ட முறைகேடு குறித்து, தகுந்த மரியாதையோடும் தகுந்த ஆதாரத்தோடும் என் ஆட்சேபத்தைப் பதிவு செய்தேன். எனக்கு நேரம் இருந்தது என்றேன்.

"உனக்கு இருந்தது, பிள்ளை. அவளுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே இருந்தது" என்றார் அம்மா. பிறகு அப்பாவின் கோப்பையில் சீனியை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, கொண்டுபோய்க் கொடு என்றார்.

இலையுதிர் காலத்தில் அக்கா புறப்பட்டாள். ரயிலில் அல்ல. ஒரு வான் வாடகைக்கு எடுக்கப்பட்டது. யார் ஓட்டுவது என்பதில் எந்தப் பட்டிமன்றமும் நடைபெறவில்லை. எங்கள் வீட்டில் புதிதாகப் பிறந்த மரபுப்படி தோற்ற அணி சுமக்கவேண்டும். ஆகவே மூன்றாம் மாடியிலிருந்து கீபோர்டை முதுகில் சாத்தி இறக்கியவள் நானே. முன்னிருக்கையில் அம்மா, பின்னால் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே அக்காவும் நானும். மீன் இல்லை, ஆனால் அம்மா பொரித்துக் கட்டித் தந்த கருவாட்டின் வாசனை, தெற்கு ஜேர்மனி முழுவதற்கும் எங்கள் வரவை முன்கூட்டியே அறிவித்தது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் நான் அவையோரின் அனுமதியைக் கோரினேன். வசந்தம் முதல் என் தொண்டையில் நின்ற 'ஆனால்' அதற்கு மேலும் பொறுக்கத் தயாராக இல்லை. அம்மாவின் கைப்பையில் மணி இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். ஆனால், நடுவர் அவர்களே, விழுந்தவரைத் தாங்க ஒரு கடை இருந்தது. போனால் ஏற்றுக்கொள்ளும் ஓர் இருக்கை ஊரில் இருக்கிறது என்ற துணிவு இல்லாவிட்டால், அவர் முதன்முதலில் அந்த மேடையில் ஏறியே இருப்பாரா? மேடை கொடுத்தது பாட்டை. அந்த மேடையில் ஏறக் கால் கொடுத்தது கடை! முத்தாய்ப்போடு முடித்தேன். சொல்லக் கூடாதுதான், மிக நன்றாக இருந்தது.

"இதை அண்டைக்குச் சொல்லியிருந்தா நீதான் வெண்டிருப்பாய்" என்றாள் அக்கா, முழு மனதோடு.

அப்பா பின்பார்வைக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "வெண்டிருக்க மாட்டாள். கடை உனக்கும் இருக்குத்தானே. மூண்டாம் மாடியிலை."

அம்மா கருவாட்டுப் பொதியை அவிழ்த்துப் பின்னால் நீட்டினார். அப்பா பாதையிலிருந்து கண்ணெடுக்காமல், ஆரும் வாங்காத அந்தப் பாட்டைப் போடு பார்ப்போம் என்றார். அக்கா கைபேசியை வானின் ஒலிபெருக்கியோடு இணைத்தாள். பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. அப்பா திருப்பு விளக்கைப் போட்டு, ஒரு பாரவண்டியை நிதானமாகக் கடந்து, மீண்டும் வலப்பக்கத் தடத்துக்கு வந்தார்.

"எனக்கொண்டும் விளங்கேல்லை" என்றார். "திரும்பப் போடு."